அளவு ஜாக்கெட்டை நம்பி ஆன்லைனில் கடை போட்ட கதை

1. கோயம்புத்தூர் பார்சல்

இன்ஸ்டாகிராமில் ஜாக்கெட் கடை போட்ட பிறகு எங்களுக்கு வந்த முதல் பார்சல் கோயம்புத்தூரிலிருந்து வந்தது. பிரித்தால், உள்ளே சில ஜாக்கெட் துணிகளும் ஒரு அளவு ஜாக்கெட்டும். துணியெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அந்த அளவு ஜாக்கெட்டைக் கையில் எடுத்ததும் எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறிவிட்டது. இரண்டு பக்கமும் தையலைப் பிரித்துவிட்டிருந்தார்கள். நடுக் கொக்கி இல்லை. ஊக்கு குத்திக் குத்தி அந்த இடமே ஓட்டையாகியிருந்தது. ஒரு பக்க அக்குளில் வேறு நிறத் துணியில் ஒட்டுப் போட்டிருந்தார்கள்.

அந்த அம்மா அனுப்பியிருந்த வாய்ஸ் மெசேஜை என் ஓரகத்தி கலா போனில் போட்டாள்.

"இதே அளவுதானுங்க. ஆனா இவ்வளவு டைட்டு வேண்டாமுங்க. கை இன்னுங் கொஞ்சம் நீளமா வரட்டும். கழுத்து உங்க இஷ்டமுங்க."

இதே அளவு, ஆனால் இதே அளவு வேண்டாம். நான் என்ன ஜோசியமா பார்க்க முடியும்?

"கலா, இது என்னாடி? அளவு ஜாக்கெட்டா, மாவு சலிக்கிற துணியா?"

"அக்கா, கஸ்டமர அப்பிடிலாம் பேசாதீங்க. நான் ஏற்கெனவே 'கண்டிப்பா பண்ணிடலாம் சிஸ்'னு ரிப்ளை போட்டுட்டேன்."

இதுதான் கலா. என் கொழுந்தன் மனைவி, பக்கத்து வீடு, துணியில் மணியும் ஜரிகையும் கோக்கிற ஆரி வேலையில் தங்கக் கை. ஆனால் யார் எதைக் கேட்டாலும் "கண்டிப்பா பண்ணிடலாம் சிஸ்" என்று பதில் போட்டுவிடுவாள். பண்ணுவது யார்? நான்.

2. நிற்கிற வேலை

ஓய்வு நேரத்தில் ஆன்லைனில் ஏதாவது செய்து நாலு காசு சேர்க்கலாமா என்று கேட்டு இப்போதெல்லாம் நிறையப் பெண்கள் என்னிடம் வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு அது பொழுதுபோக்கு இல்லை. என் கால் போய்க்கொண்டிருந்தது.

விழுப்புரத்துக்கு வெளியே குழந்தைகள் உடுப்பு தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் நான் எண்டு-லைன் செக்கர். திண்டிவனத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய்வருவேன். தைத்து முடிந்த பீஸ் என் மேஜைக்கு வரும். அப்ரூவ்டு சாம்பிளோடு வைத்துப் பார்த்து, சரியாக இருந்தால் பாஸ், இல்லையென்றால் ஆல்டர் என்று திருத்தத் திருப்பி அனுப்புவேன். காலை முதல் மாலை வரை நின்றபடியே பார்க்க வேண்டும். பல வருடம் நின்று நின்று கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகத் துருத்தி நின்றது. டாக்டரம்மா காலை அழுத்திப் பார்த்துவிட்டு, "நிக்கிற வேலைய விட்டுடுங்க. இல்லன்னா புண்ணு வெச்சிக்கும், அப்புறம் ஆறவே ஆறாது" என்றார்.

மானேஜரிடம் ஸ்டூல் கேட்டேன். "உக்காந்தா கண்ணு சொருகும் விஜயாம்மா, டேமேஜ் பீஸ் தப்பிச்சி போய்டும்" என்றார். எனக்குத் தையல் தெரியும், மெஷினில் போடுங்கள் என்றேன். "டெய்லருக்கு வயசுப் பொண்ணுங்களே வரிசையில நிக்குதுங்க" என்றார். என் வயதைச் சொல்லிக் காட்டுகிறார் என்று வாயில் என்னென்னவோ வந்தது. விழுங்கிக்கொண்டேன். சம்பளம் வேண்டுமே. வீட்டுக்காரர் ஓட்டுவது வாடகை ஆட்டோ.

ஆக எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: உட்கார்ந்து செய்கிற ஒரு வேலை, அதில் கம்பெனிச் சம்பளத்துக்கு ஈடாக ஒரு வருமானம். அது வந்த அன்றைக்கே செக்கிங் மேஜைக்கு முழுக்கு. எங்கள் தெருவில் போர்டு மாட்டினால் யாரும் வர மாட்டார்கள். திண்டிவனத்தில் தடுக்கி விழுந்தால் தையல் கடை. அதனால்தான் கலா, "ஆன்லைன்ல போடலாம்க்கா, ஊரு ஒலகமே கஸ்டமரு" என்றபோது தலையாட்டினேன்.

3. சாம்பிளைப் பார்த்துத் தைத்த பாவம்

கம்பெனியில் எங்களுக்கு அப்ரூவ்டு சாம்பிள்தான் சாமி. உடுப்பை வாங்குகிற வெளிநாட்டு பையர் கையெழுத்துப் போட்ட சாம்பிள் எப்படி இருக்கிறதோ, பீஸ் அப்படியே இருக்க வேண்டும். நமக்குச் சொந்தப் புத்தி கூடாது. அந்தப் பழக்கத்தில் நான் அளவு ஜாக்கெட்டைத் தலைகீழாகப் போட்டு, உள்பக்கத்தை வெளியே திருப்பி, டேப் வைத்து அளந்து, அச்சு அசலாகத் தைத்து அனுப்பினேன். உலகத்தில் யாராலும் குறை சொல்ல முடியாது என்று நினைத்தேன்.

வந்தது பாருங்கள் புகார்!

சேலத்திலிருந்து ஒரு டீச்சர்: "என்னங்க, அளவு ஜாக்கெட் மாதிரியே தைச்சி வச்சிருக்கீங்க?"

எனக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று இரண்டாவது தடவை கேட்டேன். "அதுக்குத்தானம்மா அளவு ஜாக்கெட்டு அனுப்புனீங்க?"

"அது எனக்கு இப்ப பத்தாதுங்க. சும்மா ஒரு அளவுக்குத்தான் அனுப்பினேன்."

சும்மா ஒரு அளவுக்கு! பத்தாத ஜாக்கெட்டை எதற்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டேன். அந்த அம்மா கொஞ்சமும் தயங்காமல் சொன்னார்: "நல்லாப் பொருந்துறதே ஒண்ணு ரெண்டுதான் இருக்கு. அதக் கொரியர்ல அனுப்பித் தொலைஞ்சி போச்சின்னா?"

அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் விளங்கியது. உள்ளூர்த் தையல் கடைக்குப் போகிறவள் பொருந்துகிற ஜாக்கெட்டைக் கொண்டுபோவாள், இரண்டு நாளில் திருப்பி வாங்கிக்கொள்வாள். அது பழசாக இருந்தாலும் கடைக்காரம்மா ஆளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கொஞ்சம் சதை போட்டுட்ட, அரை இஞ்சி விட்டுத் தெக்கிறேன்" என்பாள். கொரியர் என்றதும் எல்லோரும் பீரோவின் அடியில் கிடக்கிற, தொலைந்தாலும் கவலைப்படாத ஜாக்கெட்டாகப் பொறுக்கி அனுப்பியிருக்கிறார்கள். நான் அதைப் போய் சாமியாகக் கும்பிட்டிருக்கிறேன். அந்த ஆத்திரத்தில் அன்று மதியம் சோறே இறங்கவில்லை.

இனி அளவு ஜாக்கெட் கிடையாது, டேப் வைத்து அளந்து நம்பரை அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டோம். எப்படி அளப்பது என்று கலா தன் மேலேயே டேப் சுற்றி ஒரு வீடியோ போட்டாள். அதற்கு லைக் கொட்டியது. ஆர்டர்தான் வரவில்லை. ஒருத்தி மர ஸ்கேலால் அளந்து அனுப்பினாள். இன்னொருத்தி நைட்டிக்கு மேலேயே டேப்பைச் சுற்றியிருந்தாள். மற்றவர்கள் கம்மென்று போய்விட்டார்கள். எங்கள் செக்கிங் லைனில் என் பக்கத்தில் நிற்கும் மேரியிடம், நீயாவது அளவைச் சொல்லு, தைத்துத் தருகிறேன் என்றேன்.

"போக்கா. அத எப்பிடி மெசேஜில போடுறது? போனு எந்நேரமும் எங்க வூட்டுக்காரு கையில இருக்குது. ஜாக்கெட்டுன்னா பையில சுருட்டி எடுத்தாந்து குடுத்துடுவேன்."

அதுவும் நியாயம்தான். அளவு ஜாக்கெட் கொடுத்தால் எந்தப் பெண்ணும் தன் உடம்பை வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. அந்த வசதிக்காகத்தான் நம் ஊரில் அந்தப் பழக்கமே நிற்கிறது. நான் ஒருத்தி கத்தி அது மாறப்போவதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி அளவு ஜாக்கெட்டுக்கே திரும்பினோம். ஒன்று மட்டும் செய்தேன்: கேட்டாலும் கேட்காவிட்டாலும் பக்கத் தையலில் உள்ளே தாராளமாகத் துணி விட ஆரம்பித்தேன்.

4. வானூர் கல்யாணம்

அந்த நேரத்தில்தான் வானூரிலிருந்து தனலட்சுமி அம்மா பேசினார். கலா போட்ட ஆரி வேலை ரீல்ஸைப் பார்த்திருக்கிறார். மகள் சரண்யா சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். முகூர்த்தத்துக்கு ஒன்று, ரிசப்ஷனுக்கு ஒன்று, நலங்குக்கு ஒன்று.

"நல்லாத் தெச்சிக் குடுத்துடுமா. எங்க சொந்தத்துல இந்த வருசம் கல்யாணமா வந்துக்கினு இருக்குது. அத்தினியும் ஒனக்குத்தான்."

நானும் கலாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அத்தனை கல்யாணமும் வந்தால் கம்பெனிக்கு முழுக்குப் போட்டுவிடலாம். கெடுத்துக்கொண்டால் வானூர்ப் பக்கம் தலைகாட்ட முடியாது, நான் இருக்கிற வரை செக்கிங் மேஜைதான்.

அளவு ஜாக்கெட்டைத் தெரிந்தவர் ஒருவரிடம் பஸ்ஸில் கொடுத்து அனுப்பினார். எடுத்துப் பார்த்தேன். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. பிரித்துவிட்ட தையல் இல்லை, ஒட்டு இல்லை, எல்லாக் கொக்கியும் இருந்தது. வேர்வைக் கறைகூட இல்லை.

"பாத்தியா கலா, இவங்கதான் மனுசங்க" என்றேன்.

ஆனாலும் பட்ட அடி சும்மா இருக்க விடவில்லை. போன் போட்டுக் கேட்டேன். "இது பொண்ணோடதுதானேம்மா?"

"அவளோடதுதான். வேற யாரோடது? ஒரே ஒருவாட்டிதான் போட்டா."

"பொண்ணுகிட்ட ஒரு வார்த்த பேசலாமா?"

"அவ டூட்டில போனு எடுக்க மாட்டா. அதான் நான் சொல்றேன்ல."

பெற்ற தாய் சொல்கிறார். அதற்கு மேல் என்ன கேட்பது? கலா ராப்பகலாகக் குனிந்து மணியும் ஜரிகையும் கோத்தாள். பட்டுத் துணியின் இரண்டு கையிலும் மயில். அவ்வளவு அழகாக வந்தது. தைத்து, இஸ்திரி போட்டு, வீட்டுக்காரர் ஆட்டோவிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தோம்.

5. கை ஏறவில்லை

முகூர்த்தத்துக்கு முதல் நாள் கம்பெனியில் கன்டெய்னர் ஏற்றும் நாள். மேஜையில் பீஸ் குவிந்து கிடந்தது. கேட்டிலிருந்து செக்யூரிட்டி ஓடி வந்து, "ஒங்க வூட்ல இருந்து போனு, அவசரமாம்" என்றார். யாருக்கு என்ன ஆனதோ என்று ஓடினேன். கலாதான்.

"அக்கா, கை ஏறலையாம். கைமுட்டிக்கு மேல வரவே மாட்டேங்குதாம். பொண்ணு அழுதுக்கினு இருக்குதாம். அந்தம்மா என்னை வாயில வந்தபடி பேசுது."

பொண்ணு விடியற்காலையில்தான் சென்னையிலிருந்து வந்திருக்கிறாள். வந்து இப்போதுதான் போட்டுப் பார்த்திருக்கிறாள். கலாவிடம் நம்பர் வாங்கி உடனே தனலட்சுமி அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"என்னம்மா நீ, அளவு ஜாக்கெட்டு குடுத்தும் இப்பிடிப் பண்ணிட்டியே! நாளைக்கு முகூர்த்தத்துல பொண்ண என்னாத்தப் போட்டு உக்கார வெப்பேன்?"

"அம்மா, அந்த அளவு ஜாக்கெட்ட பொண்ணு எப்பப் போட்டுச்சி? அத மட்டும் சொல்லுங்க."

"பிளஸ் டூ பேர்வெல்லுக்கு."

பிளஸ் டூ! அந்தப் பெண் அதற்கப்புறம் நர்சிங் படித்து, வேலைக்குப் போய், ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்கிப் புரட்டிக்கொண்டிருக்கிறாள். பள்ளிக்கூடத்து ஒல்லிக்குச்சி அளவை வைத்து நாங்கள் முகூர்த்த ஜாக்கெட் தைத்திருக்கிறோம்.

"ஏம்மா, வேற ஜாக்கெட்டே கெடைக்கலியா ஒங்களுக்கு?"

"அவகிட்ட வேற ஏது? எந்நேரமும் சுடிதாரு, இல்லன்னா யூனிபார்மு. பொடவ கட்டுனதே அன்னிக்கு ஒருநாள்தான்."

தலையில் அடித்துக்கொண்டேன். உண்மையாகவே அடித்துக்கொண்டேன், செக்யூரிட்டி பார்த்துக்கொண்டே இருந்தார். இந்தக் காலத்துப் பெண்களிடம் அளவு ஜாக்கெட் என்று ஒன்று கிடையவே கிடையாது என்பது எனக்கோ, கலாவுக்கோ, பெற்ற தாய்க்கோ ஏன் உறைக்கவில்லை?

மானேஜரிடம் போய் நின்றேன். "சார், நான் ஒடனே போவணும்."

"வெளயாடுறீங்களா? கன்டெய்னர் நிக்குது. யாராச்சும் செத்துட்டாங்களா?"

"யாரும் சாவல சார். ஒரு பொண்ணுக்கு நாளைக்குக் கல்யாணம். ஜாக்கெட்டு சரியா வரல."

அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். "ஜாக்கெட்டுக்காக ஷிப்மென்ட விட்டுட்டுப் போறீங்களா? போனா, திரும்பி வர்றதப் பத்தி நான் யோசிக்க வேண்டியிருக்கும்."

போகாவிட்டால் அந்தக் கல்யாணங்கள் போகும். போனால் இருக்கிற சம்பளமும் போகும். நின்று யோசிக்க எனக்குக் காலும் இல்லை, நேரமும் இல்லை. "யோசிங்க சார்" என்று சொல்லிவிட்டு, ஐடி கார்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

திண்டிவனத்தில் வீட்டுக்குப் போய் மிச்சப் பட்டுத் துணி, கத்தரி, டேப், கலாவின் மணி டப்பா எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு, கலாவையும் இழுத்துக்கொண்டு பாண்டி பஸ் ஏறினேன். வழியெல்லாம் கலா, "ஜல்தியாப் போனா முடிச்சிடலாம்க்கா, கண்டிப்பா பண்ணிடலாம்க்கா" என்றாள். "இன்னொரு தடவ கண்டிப்பான்னு சொன்னே, கீழ எறக்கி வுட்டுடுவேன்" என்றேன். மெயின் ரோட்டில் இறங்கி வானூருக்கு ஷேர் ஆட்டோ பிடித்தோம்.

6. கதவைச் சாத்திக்கொண்டு

கல்யாண வீடு நிறைய ஆள். பந்தலில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து போயிருக்க வேண்டும். சரண்யா அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"ஆன்ட்டி, எங்கிட்ட யாருமே ஒரு வார்த்த கேக்கல" என்றாள். "கேட்டிருந்தா நானே அளந்து அனுப்பியிருப்பேன். தெனமும் யாருக்காச்சும் காய்ச்சலு, பிரஷருன்னு அளவெடுக்கிறதுதான் என் வேல."

தனலட்சுமி அம்மா, "அளவெடுக்கிறதுன்னா மெதுவா எடும்மா, சத்தமாச் சொல்லாத, வெளிய ஆம்பளைங்க இருக்காங்க" என்று என் காதோரம் வந்தார்.

"நீங்க மொதல்ல வெளிய போங்கம்மா" என்று கதவைச் சாத்தினேன்.

அந்தப் பெண்ணை நிற்க வைத்து டேப் பிடித்தேன். உடம்புக்குக் கவலையில்லை, பக்கத்தில் உள்ளே விட்டிருந்த துணி போதும். மற்ற இரண்டு ஜாக்கெட்டையும் அப்படியே பிரித்துவிட்டால் ஆயிற்று; முகூர்த்த ஜாக்கெட்டின் கைதான் சிக்கல். விளிம்பு வரைக்கும் மயில். பிரித்தால் மணி கொட்டும். அடிக்கைப் பக்கம் கலா ஊசியால் மணிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒதுக்கினாள். நான் தையலைப் பிரித்து, மிச்சப் பட்டில் ஒரு பட்டி வெட்டி, அக்குளிலிருந்து கை விளிம்பு வரை உள்பக்கமாகக் கொடுத்தேன். பக்கத்து வீட்டு மெஷினை அறைக்குள் கொண்டுவந்து வைத்தார்கள், மிதிக்கிற மெஷின். வீங்கின காலோடு அதை மிதித்தேன். வலியில் உயிர் போனது. கலா தரையில் உட்கார்ந்து மயிலின் வாலை மறுபடி கோத்தாள். வெளியே தனலட்சுமி அம்மா கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரம் ஆகும், எவ்வளவு நேரம் ஆகும் என்று. பேஜாரு தாங்கவில்லை.

போட்டுப் பார்த்தாள். கொக்கி மாட்டினேன். சரண்யா கண்ணாடியில் பார்ப்பதற்கு முன்னால் வலது கையை மேலே தூக்கினாள், டிரிப் பாட்டிலை ஸ்டாண்டில் மாட்டுவதுபோல. அப்புறம் இடது கை. பட்டி இருப்பது தெரியவில்லை, எங்கேயும் இழுக்கவில்லை.

"மால போட முடியும் ஆன்ட்டி" என்றாள். சிரித்துக்கொண்டே மறுபடி அழுதாள். நானும் அழுதேன். கலாவைக் கேட்கவே வேண்டாம்.

கதவைத் திறந்தேன். உள்ளே வந்து பார்த்த தனலட்சுமி அம்மா மன்னிப்பும் கேட்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. "நாந்தான் அப்பவே சொன்னேன்ல, நல்லாத் தெப்பாங்கன்னு" என்று பந்தலைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார். என்னைப் பார்வையால் எரித்த அதே பெண்கள் ஒவ்வொருத்தராக அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு, குசுகுசுவென்று, "எனக்கும் அப்பிடியே ஒடம்போட அளவெடுத்துடுமா" என்றார்கள். மெசேஜில் சொல்லக் கூசுகிறவர்கள், கதவைச் சாத்தினால் எதிரில் நிற்கக் கூசவில்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இவ்வளவு பாடு பட வேண்டியிருந்தது.

7. கணக்கை முடித்த நாள்

மறுநாள் கம்பெனிக்குப் போனேன். திட்டினார்கள், ஆனால் வேலையை விட்டு எடுக்கவில்லை. செக்கிங்குக்கு ஆள் கிடைப்பதில்லை. அதற்கப்புறம் கொஞ்ச காலம் இரண்டையும் இழுத்துக்கொண்டு ஓடினேன்.

கடையின் சட்டத்தை மாற்றினோம். முதல் ஜாக்கெட்டுக்கு ஆளை நேரில் பார்த்து அளவெடுத்துக் காகிதத்தில் பேட்டர்ன் வெட்டி வைத்துக்கொள்வோம். அதற்கப்புறம் அவர்கள் எந்த ஊரிலிருந்து துணியை அனுப்பினாலும் போதும், வாய்ஸ் மெசேஜ் வேண்டாம், பீரோவைக் குடைய வேண்டாம். கோயம்புத்தூரையும் சேலத்தையும் கும்பிடு போட்டு விட்டுவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை வானூர், பொம்மையார்பாளையம் என்று நாங்களே போகிறோம். ஊரு ஒலகம் வேண்டாம், பஸ் போகிற தூரம் போதும். கலா மட்டும் இன்னமும் ரீல்ஸுக்குக் கீழே "கண்டிப்பா சிஸ்" என்று போட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். அவளைத் திருத்த என்னால் ஆகாது.

ஆன்லைன் தொழிலுக்கு வருகிற பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். போனில் கூட்டம் சேர்க்கலாம், தப்பில்லை. ஆனால் நீங்கள் செய்கிற பொருள் ஒரு மனுஷியின் உடம்பில் ஏற வேண்டியதாக இருந்தால், அந்த மனுஷியை ஒரு தடவையாவது கண்ணால் பாருங்கள். அவள் அம்மாவைக் கேட்காதீர்கள், அவளைக் கேளுங்கள்.

ஜாக்கெட் வருமானம் சம்பளத்தை எட்டியதும் ராஜினாமா எழுதிக்கொண்டு மானேஜர் அறைக்குப் போனேன். வாசித்தார். "ஜாக்கெட்டு தெச்சே பொழச்சிக்கலாம்னு முடிவு பண்ணிட்டீங்க" என்று கையெழுத்துப் போட்டார். நான் எழுந்தேன். எழுந்தேன் என்றா சொன்னேன்? அந்த அறையில் என்னை யாரும் உட்காரச் சொன்னதில்லை; திரும்பினேன்.

"விஜயாம்மா, ஒரு நிமிசம்." மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து நீட்டினார். உள்ளே பட்டுத் துணி, அதன் மேல் மடித்து வைத்த ஒரு பழைய ஜாக்கெட். "என் ஒய்ஃப் குடுத்து வுட்டாங்க. அளவு ஜாக்கெட்டும் வெச்சிருக்காங்க. இதே மாதிரி, ஆனா கொஞ்சம் லூசா..."

பையை அவர் மேஜை மேலேயே வைத்தேன்.

"அளவு ஜாக்கெட்டு வேணாம் சார். சனிக்கெழம அவங்களையே வீட்டுக்கு அனுப்புங்க. அவங்க வந்து நிக்கட்டும், நான் உக்காந்துக்கினு அளவெடுக்கிறேன்."